முட்டைகளின் தேதி

வாயாடி காலை பத்தேகாலுக்குச் சின்னவளை அழைத்தாள். வாயாடி என்பது கல்லூரியில் வந்த பெயர். தவளையை மயக்க மருந்தே வேண்டாம், இவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் போதும் என்று விலங்கியல் ஆசிரியரே சொல்லியிருக்கிறார். அன்று அவள் பேசியது சில வரிதான்.

“எங்க ஸ்கிரீன் எல்லாம் சிவப்பாயிடுச்சுடீ. எவனோ நெட் வழியா வந்து பூட்டிட்டான். ஒரு ஃபேன்கூட ஓடலை. நீங்க அப்டேட் போட்டுட்டீங்களா?”

“எந்த அப்டேட்?” என்றாள் சின்னவள்.

“இருபதாம் தேதி மெஷின் கம்பெனி அனுப்பினாங்களே, அது. இந்தக் குஞ்செல்லாம் பொரிஞ்சு இறங்கட்டும், அப்புறம் போட்டுக்கலாம்னு நாங்க விட்டுட்டோம்.” அவளுக்குப் பின்னால் யாரோ, நாலாம் நம்பர் மெஷினில் சூடு நாற்பதைத் தொட்டுவிட்டது என்று கத்தினார்கள். “ஸ்பேர் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தோம். நெட் வயரைச் சொருகின நாலாவது நிமிஷம் அதையும் பூட்டிட்டான். வைக்கிறேன்டீ.”

வாயாடி வேலை பார்ப்பதும் குஞ்சு பொரிப்பகத்தில்தான். இங்கே இருக்கும் அதே நிறுவனத்தின் இயந்திரங்கள், அதே நிரல்.

இங்கே மூன்று இயந்திரங்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் நுழைந்து நிற்கக்கூடிய பெட்டி. ஒவ்வொன்றிலும் ஏழாயிரம் முட்டை. இருபத்தோராயிரம் முட்டைகளுக்கும் அன்று பதினைந்து நாள் வயது. பொரிப்பகம் அக்காவின் வீட்டுக்காரருடையது. சின்னவள் படித்து முடித்ததும் இங்கே வந்தவள்; மூன்று வருடமாக முட்டைகளுக்கு வெளிச்சம் பார்ப்பது அவள் வேலை. இருட்டறையில் விளக்கின் மேல் முட்டையை வைத்து, உள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்லுவாள். அதில் அவளுக்குக் கை தவறாது. அதைத் தவிர வேறு எதிலும் இந்த ஒரு வருடமாக அவளை யாரும் கேட்பதில்லை.

அத்தான் குஞ்சுப் பெட்டிகள் வாங்க விடிகாலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். அவளுடைய அழைப்பு போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

கணினி இருந்த அறைக்கு ஓடினாள். திரையின் கீழே பச்சை வட்டம். ‘எல்லாம் புதியதாக உள்ளது. கடைசியாகச் சரிபார்த்தது: இன்று.’ அப்பாடா என்று மூச்சு விட்டாள். நாற்காலியில் உட்காரக்கூடப் போனாள். அப்போதுதான் பச்சை வட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த தேதியைப் பார்த்தாள்.

15.

சுவரில் தொங்கிய நாட்காட்டியில் 25.

இரண்டையும் அவள் தினமும் பார்ப்பவள்தான். அது இந்தப் பொரிப்பகத்து வழக்கம். ஒவ்வொரு ஈடு முட்டையும் இயந்திரத்துக்குள் ஏறும் நாளில், கணினியின் தேதியை மாதத்தின் ஒன்றாம் தேதிக்குத் திருப்பிவிடுவார்கள். அதன்பிறகு மூலையில் தெரியும் எண்தான் முட்டையின் வயது. வாசலில் நின்றே படித்துக்கொள்ளலாம். முட்டை வைத்த நாளை எழுத நிரலில் மூன்றாவது பக்கத்தில் முறையான இடம் உண்டு. ஆனால் அதை ஒவ்வொரு தடவையும் யார் நிரப்புவது? பதினெட்டு வரை முட்டையைத் திருப்பு, பத்தொன்பதிலிருந்து சூட்டைக் குறை, இருபத்தொன்றில் பொரியும், இருபத்திரண்டில் கழுவல் என்று தேதிவாரியாக ஒரே ஒருமுறை எழுதிவைத்தாயிற்று. தேதியைத் திருப்பினால் போதும். மீதியை நிரல் பார்த்துக்கொள்ளும். “நம்ம கம்ப்யூட்டருக்கு முட்டையோட ஜாதகம் தெரியும்” என்று வருகிறவர்களிடம் அத்தான் பெருமையாகச் சொல்லுவார்.

இருபதாம் தேதி கையெழுத்திட்ட ஒரு கடிதம், பதினைந்தாம் தேதியில் வாழும் கணினிக்கு வந்தால் அது என்ன செய்யும்? இன்னும் எழுதப்படாத கடிதம் அது; அப்டேட்டும் அப்படித்தான். பொய் என்று தள்ளிவிட்டு, எல்லாம் புதியதாக உள்ளது என்று பச்சை விளக்கைக் காட்டும். ஐந்து நாளாக அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

சின்னவள் மேசைக்கடியில் குனிந்து, வெளியிலிருந்து வரும் இணைய வயரைப் பிடுங்கினாள்.

“என்ன டாக்டர், காலையிலயே வயரோட மல்லுக்கட்டு?”

வாசலில் மீட்டர் நின்றார். இயந்திரங்களை ஓட்டுகிறவர். நாற்பத்தைந்து வயது. எந்நேரமும் கையில் ஒரு வெப்பமானியும் சட்டைப்பையில் இன்னொன்றுமாகத் திரிவதால் அந்தப் பெயர். விலங்கியல் படித்தவள் என்பதற்காகச் சின்னவளுக்கு டாக்டர் பட்டம் கொடுத்தவரும் அவர்தான்.

அவள் நடந்ததைச் சொன்னாள். வழக்கம்போல மெல்லிய குரல்தான் வந்தது. டாக்டர் பேசுவது முட்டைக்கே கேட்காது என்று மீட்டர் கிண்டல் செய்வதுண்டு. இப்போது அவர் கிண்டல் செய்யவில்லை. ஒரு சொல் விடாமல் கேட்டார்.

“அதான் வயரைப் பிடுங்கிட்டியே. அப்படியே விடு. யார் உள்ள வருவான்?”

“மத்தியானம் பன்னிரண்டுக்குக் கம்பெனி உரிமம் கேக்கும், அண்ணே. தினமும் கேக்குது. வயர் இல்லைன்னா புரோகிராம் தானே பூட்டிக்கும். அப்புறம் அவங்க ஆளே வந்துதான் திறக்கணும். ரெண்டு நாளோ மூணு நாளோ.”

“ஒரு நிமிஷம் மாட்டிட்டுக் கழட்டிடலாம்.”

“நாலே நிமிஷத்துல பூட்டிட்டானாம் அங்க. நம்மளுக்கு நாலு நிமிஷம் தருவான்னு என்ன நிச்சயம்?”

மீட்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபத்தைந்து.

“அப்டேட்டை என் போன்ல எடுத்து பென் டிரைவ்ல போட்டுக்கலாம். அதைப் போட்டுட்டு வயரை மாட்டினா பயமில்லை” என்றாள் சின்னவள். “ஆனா இது அதை ஏத்துக்கணும்னா முதல்ல தேதியைச் சரியா வைக்கணும். இருபத்தஞ்சுன்னு.”

“தேதியைத் தொடாதே!”

அவர் அவ்வளவு வேகமாகச் சொன்னது இருவருக்குமே ஒரு மாதிரியாக இருந்தது. பக்கத்து அறையில் இயந்திரங்களின் விசிறிகள் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தன.

சின்னவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் வெப்பமானியைப் பார்த்தார்.

போன வருடம் இதே அறையில்தான் அது நடந்தது. திரையில் ‘பாதுகாப்புக்காக உடனே நிறுவவும்’ என்று வந்தது. உடனே என்று போட்டிருந்ததால் சின்னவள் உடனே அழுத்தினாள். அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனாள். இரண்டு மணி நேரம் கழித்து வந்தபோது இயந்திர அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதியை அவளால் இன்றுவரை மறக்க முடியவில்லை. விசிறிகள் நின்றிருந்தன. எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. அந்த வயதில் முட்டைக்குள் இருக்கும் உயிர் தானே சூட்டைக் கிளப்பும். காற்று ஓடாவிட்டால் தன் சூட்டிலேயே வெந்துபோகும். உள்ளே இருந்த பதினான்காயிரமும் வெந்துபோயின. அவளுக்கு முன்பே வந்து நின்றவர் மீட்டர். கணினிக்கு முன்னால் குனிந்து எதையோ சரிசெய்துகொண்டிருந்தார்.

அப்டேட் மெஷினைக் கெடுத்துவிட்டது என்று முடிவாயிற்று. அத்தான் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். ஒரு மாதம் பேசவில்லை. பிறகு பேசினார், ஆனால் உப்பு எங்கே, சாவி எங்கே என்கிற அளவில். திரைக்கு மேலே ஒரு தாளை ஒட்டினார்: ‘யாரும் எதற்கும் அப்டேட் போடக்கூடாது.’ யாரும் என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். முட்டை அனுப்பும் பண்ணைக்காரரோ, இன்னொரு ஈடு இப்படிப் போனால் கடையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இன்னொரு ஈடுதான் இப்போது உள்ளே இருந்தது.

“அண்ணே,” என்றாள் சின்னவள். “தேதியை மாத்தினா என்ன ஆகும்?”

மீட்டர் கையிலிருந்த வெப்பமானியை உதறினார்.

“புரோகிராம் இருபத்தஞ்சுன்னு நினைச்சுக்கும். இருபத்திரண்டுக்கு மேல எல்லாம் கழுவல். குஞ்செல்லாம் போயாச்சு, மெஷின் காலின்னு ஃபேனை நிறுத்தும். சூட்டை நிறுத்தும். காலி மெஷினுக்கு எதுக்கு அலாரம்னு அதையும் நிறுத்தும்.” சொல்லச் சொல்ல அவள் குரல் இன்னும் தணிந்தது. “போன வருஷமும் அப்டேட் கெடுக்கலை. அது தேதியைச் சரி பண்ணிச்சு. அவ்வளவுதான் பண்ணிச்சு. நான் வந்தப்போ ஸ்கிரீன்ல பதினாலுன்னு இருந்தது, எனக்கு ஞாபகம் இருக்கு. யாரோ திருப்பி வச்சிருக்காங்க.”

“நான்தான்” என்றார் மீட்டர்.

“தெரிஞ்சேவா?”

“வந்து பார்க்கிறேன், இருபத்தி நாலுன்னு நிக்குது. கை தானாப் போயிடுச்சும்மா. திருப்பினேன். அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு... உங்க அத்தான் அந்தத் தாளை ஒட்டினாரு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? தேதியைத் திருப்பற யோசனையே என்னோடது.”

சின்னவளுக்கு முகம் சூடேறியது. ஒரு வருடம். உப்பு எங்கே, சாவி எங்கே. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து முப்பத்திரண்டு.

“கையால ஓட்ட முடியுமா, அண்ணே? கம்ப்யூட்டர் இல்லாம. அரை மணி நேரம்.”

“ஒன்னையும் ரெண்டையும் ஓட்டலாம். பெட்டியில சுவிட்ச் இருக்கு, ‘கை’ன்னு திருப்பினா ஃபேன் ஓடும், ஹீட்டரை நானே போட்டுப் போட்டு அணைப்பேன்.” அவர் தலையைச் சொறிந்தார். “மூணாம் நம்பர்ல அந்த சுவிட்ச் செத்துப்போய் நாலு மாசம் ஆச்சு.”

“நாலு மாசமாவா!”

“கம்ப்யூட்டர்தான் ஓட்டுதேன்னு விட்டுட்டேன்.”

ஏழாயிரம் முட்டை, அரை மணி நேரம், காற்றில்லாமல். சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டாள். இப்போது முப்பத்தேழு புள்ளி ஏழு. முப்பத்தொன்பது வரை தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தட்டு முட்டை போகும்.

அப்டேட்டை இறக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. பொரிப்பகத்துக்கு ஒட்டினாற்போல வீடு. அக்காவின் மகள் பள்ளிக்கு எடுத்துப்போகாமல் விட்டுப்போன மடிக்கணினியில், கைப்பேசியின் இணைப்பில், நிறுவனத்தின் பக்கத்திலிருந்து அது சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஆட்டோக்காரன் பேரம் பேசுவது மாதிரி அறுபது சதவிகிதத்தில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது. அக்கா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றாள்.

“ஏன்டீ, போன வருஷம் பட்டது போதாதா? அவர் வரட்டும்.”

“வரதுக்குள்ள பன்னிரண்டு ஆயிடும், அக்கா.”

“நீ தொட்டுத்தான் போச்சுன்னு இந்தத் தடவையும் சொல்லணுமா? என்னால கேட்க முடியாதுடீ. ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அவரு. நடுவுல நான் என்ன மத்தளமா?”

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். மீட்டர் சொன்னதை இப்போதே சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் அதைக் கேட்டால் அக்கா நேரே இயந்திர அறைக்குப் போய் அந்த மனிதரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு அவருடைய இரண்டு கைகளும் நடுங்காமல் இருக்கவேண்டும்.

“வீட்டுல எத்தனை ஃபேன் இருக்கு?” என்றாள். “நிக்கிற ஃபேன்.”

“மூணு. ஏன்?”

“மூணும் வேணும். நீயும் வேணும்.”

அக்கா ஒரு கணம் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஃபேனைத் தூக்கப் போனாள்.

பதினொன்று அடித்துப் பன்னிரண்டாவது நிமிடத்தில் ஆரம்பித்தார்கள்.

மீட்டர் முதல் இரண்டு பெட்டிகளின் சுவிட்சையும் ‘கை’ என்று திருப்பினார். விசிறிகள் ஒரு விக்கல் விக்கிவிட்டு ஓடின. மூன்றாம் நம்பரின் கதவை அக்கா அகலத் திறந்தாள். மூன்று ஃபேன்களையும் உள்நோக்கி நிறுத்தினாள். சின்னவள் கணினியின் தேதியைத் தொட்டாள். 15 என்பது 25 ஆயிற்று.

மூன்றாம் நம்பரின் விசிறி சுற்றிச் சுற்றி, சுற்றி, நின்றது.

அந்தப் பெட்டிக்குள் விழுந்த அமைதி அவளுக்குத் தெரிந்ததுதான். பென் டிரைவைச் செருகி நிறுவு என்பதை அழுத்தினாள். இந்தத் தடவை கணினி மறுக்கவில்லை.

“முப்பத்தெட்டு!” என்றாள் அக்கா. மீட்டர் தன் சட்டைப்பை வெப்பமானியை அவளிடம் கொடுத்து, நடுத்தட்டில் வைத்துப் படிக்கச் சொல்லியிருந்தார். “முப்பத்தெட்டு புள்ளி ரெண்டு!”

திரையில் பத்து சதவிகிதம்.

மீட்டர் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஓடினார். ஒன்றின் ஹீட்டரை அணைத்துவிட்டு வருவதற்குள் இரண்டு ஆறியது. இரண்டைப் போட்டுவிட்டுத் திரும்பினால் ஒன்று ஏறியது. “இருங்கடா செல்லங்களா, ஒருத்தன்தான்டா நான்” என்று பெட்டிகளோடு பேசிக்கொண்டே ஓடினார்.

முப்பது சதவிகிதம். அங்கேயே நின்றது. ஐந்து நிமிடம். ஏழு நிமிடம். ‘கணினியை அணைக்க வேண்டாம்’ என்று திரை திரும்பத் திரும்பச் சொன்னது. அணைத்துவிட்டுப் பழையபடி தேதியைத் திருப்பிவிடலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. பாதியில் அணைத்தால் கணினி எழுந்திருக்கவே எழுந்திருக்காமல் போகலாம். எழுந்தாலும் பன்னிரண்டு மணி வரும். சின்னவள் தன் கைகளை இரண்டு தொடைகளுக்கும் அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.

அக்காவின் இடுப்பில் கைப்பேசி அடித்தது. அத்தான். அவள் சத்தமாக வைத்தாள்.

“என்ன ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கூப்பிட்டிருக்கீங்க? மெஷின் நல்லாத்தானே இருக்கு?”

அக்கா வெப்பமானியைப் பார்த்தாள். “முப்பத்தெட்டு புள்ளி ஏழு” என்று போனிடமே சொன்னாள்.

“என்னது? எது? ஏன் ஏறுது? ஃபேன் சத்தம் குறைஞ்சிருக்கே!”

“அப்டேட் போட்டுட்டு இருக்கோம்” என்றாள் சின்னவள். அவரிடம் இத்தனை தெளிவாக அவள் பேசி ஒரு வருடம் ஆயிற்று. “வெளிய இருந்து பூட்டுறாங்க. வாயாடி வேலை பார்க்கிற இடம் போயிடுச்சு. போட்டே ஆகணும்.”

“யாரைக் கேட்டுப் போட்ட? அந்தத் தாளு கண்ணுல படலையா உனக்கு? போன வருஷம்...”

“நான்தான் போடச் சொன்னேன்” என்றார் மீட்டர், ஓடிக்கொண்டே. “நீங்க வாங்க. வந்து பேசுங்க. இப்ப வைங்க.”

அவரே வந்து அக்காவின் கையிலிருந்த போனை அணைத்தார். முதலாளியின் அழைப்பை அவர் துண்டித்து அந்த இடத்தில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. பிறகு சின்னவளின் பக்கம் திரும்பாமல் இரண்டாம் நம்பருக்கு ஓடினார்.

எழுபது சதவிகிதம். நூறு. திரை இருண்டது. ஒரு புள்ளி வட்டமாகச் சுற்றியது. பதினொன்று நாற்பத்தி நான்கு.

“முப்பத்தொன்பது” என்றாள் அக்கா. இந்தத் தடவை அவள் கத்தவில்லை.

மீட்டர் வந்து மூன்றாம் நம்பருக்குள் கையை விட்டுப் பார்த்தார். “முன்னாடி இருக்கிறது ஆறுது. மேல பின்தட்டு கொதிக்குது. ஃபேனைத் தூக்கு. தலைக்கு மேல தூக்கு!” அக்கா ஓடிக்கொண்டிருந்த ஃபேனை அடிக்கம்பியோடு தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, மேல் தட்டுகளை நோக்கிப் பிடித்தாள். சேலை முந்தானை பறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

திரை எழுந்தது. தேதி 25. சின்னவள் நிரலைத் திறந்து மூன்றாவது பக்கத்துக்குப் போனாள். ‘முட்டை வைத்த நாள்.’ ஒரே ஒரு கட்டம். நான்கு வருடமாகக் காலியாகக் கிடந்த கட்டம். அதில் முட்டை ஏறிய உண்மையான தேதியை, பதினொன்று என்று எழுதினாள். மாதம். வருடம். கீழே ‘தேதிப்படி ஓடு’ என்றிருந்ததை ‘வயதுப்படி ஓடு’ என்று மாற்றினாள். முழுதாக அரை நிமிடம்கூட ஆகவில்லை.

‘முட்டையின் வயது: 15 நாள்’ என்றது திரை.

மூன்றாம் நம்பரின் விசிறி அசைந்தது. நகர்ந்தது. இரைந்தது. அந்தக் கணமே எச்சரிக்கை மணி வீல் என்று அலறத் தொடங்கியது, சூடு அதிகம், சூடு அதிகம் என்று. மூன்று பேரும் நின்று அதைக் கேட்டார்கள். போன வருடம் அடிக்காத மணி அது.

மீட்டர் முதல் இரண்டு பெட்டிகளையும் மறுபடி கணினியிடம் விட்டார். பதினொன்று ஐம்பத்து மூன்றுக்குச் சின்னவள் மேசைக்கடியில் குனிந்து வயரைச் செருகினாள். ஒரு நிமிடம். நான்கு நிமிடம். பன்னிரண்டு மணிக்குத் திரையில் ஒரு சிறு கட்டம் தோன்றி, உரிமம் சரி என்று சொல்லிவிட்டு மறைந்தது. சிவப்பு வரவில்லை.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “இதுக்கு நான் இன்னும் ரெண்டு பிள்ளை பெத்திருக்கலாம்” என்றாள்.

ஒரு மணிக்கு வாயாடியிடமிருந்து செய்தி வந்தது. ‘நாலு மெஷினும் போச்சு.’ அவ்வளவுதான் எழுதியிருந்தாள். சின்னவள் பதில் எழுதினாள், அழித்தாள். மாலையில் நேரில் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு மூன்றாம் நம்பரின் மேல் பின்தட்டை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனாள். நூற்றைம்பது முட்டை. பத்தாம் நாளில் வெளிச்சம் பார்த்தபோதே வெறும் முட்டைகளையெல்லாம் எடுத்தாகிவிட்டது. இதில் இப்போது உயிர் இல்லாமல் இருப்பது எத்தனையோ, அத்தனையும் இன்றைக்குப் போனது.

விளக்கின் மேல் முதல் முட்டையை வைத்தாள். மேலே காற்றறை வெளிச்சமாக, அதற்குக் கீழே ஒரே இருட்டு. இருட்டின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளிம்பு அசைந்தது. ஓரமாக வைத்தாள். இரண்டாவது. அசைந்தது. ஏழாவது முட்டையில் விளிம்பு அசையவே இல்லை. ஒரு நிமிடம் காத்திருந்தாள். இரண்டு நிமிடம். அதைத் தனியாக வைத்தாள். கையில் அது இன்னும் சூடாகவே இருந்தது.

வெளியே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. கதவு அறைந்து சாத்தப்பட்டது. அத்தானின் செருப்புச் சத்தம் வேகமாக வந்தது. பாதியில் இன்னொரு செருப்பு அதை மறித்து நின்றது.

“போன வருஷம் அந்தப் பிள்ளை ஒண்ணும் பண்ணலை” என்றது மீட்டரின் குரல். “நான் சொல்றதை முழுசாக் கேட்டுட்டு அப்புறம் அடிங்க.”

அதற்குப் பிறகு இயந்திரங்களின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. நீண்ட நேரம் கேட்கவில்லை. சின்னவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். நூற்று ஏழு. நூற்று எட்டு.

இருட்டறையின் திரைச்சீலை விலகியது. அத்தான் நின்றார். அவர் கையில் அந்தத் தாள் இருந்தது, ஒட்டிய பசையோடு கிழிந்து. அதை என்ன செய்வதென்று தெரியாதவர் போல மடித்து, இன்னும் சிறிதாக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“எத்தனை?” என்றார்.

“இதுவரைக்கும் நூத்தி எட்டுல ஏழு போயிடுச்சு. இதுதான் மோசமான தட்டு. மத்ததுல இவ்வளவு இருக்காது.”

அவர் தலையாட்டினார். இருட்டில் அது தெரிந்ததா என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்கவேண்டும். “சரி” என்றும் சொன்னார். பிறகு உள்ளே வந்து, தட்டிலிருந்து அடுத்த முட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். அவர் விரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

“கையை ஆட்டாதீங்க, அத்தான்” என்றாள் சின்னவள். “உள்ள ஆடுறதா, நீங்க ஆடுறதான்னு தெரியலை.”

அவர் இரண்டு கைகளாலும் முட்டையைப் பிடித்து, விளக்கின் மேல் வைத்துவிட்டு விலகிக்கொண்டார். இருவரும் குனிந்து இருட்டின் விளிம்பைப் பார்த்தார்கள். அசையவில்லை. அசையவில்லை.

அசைந்தது.

“நூத்தி ஒம்பது” என்றாள் அவள். அவர் அடுத்த முட்டையை எடுத்தார்.